ஒரு மெய்யெழுத்து

அறையில் மூன்று பேர்: சட்டமன்ற உறுப்பினர், அவருடைய உதவியாளர், மருந்துக் கம்பெனி அதிகாரியான ஒரு பெண். கம்பெனிக்காரர்களோடு உறுப்பினர் தனியாகப் பேசமாட்டார். பேசுவதெல்லாம் குறிப்பேட்டில் ஏறி மக்கள் பார்வைக்குப் போகும்.

“மருந்து விலைச் சட்டம் பத்தியா?” என்றார் உறுப்பினர்.

“இல்ல, பேரன் விஷயம்.”

உதவியாளர் ‘பேரம்’ என்று எழுதினார். வேறெதற்கு வரப்போகிறார்கள்?

அவள் எட்டிப் பார்த்தாள். “அண்ணே, பேரம் இல்ல, பேரன். இவரோட பேரன். நடக்க ஆரம்பிச்சுட்டான்.”

“யாரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறான்?”

“சுவத்த. எப்பப்பா வீட்டுக்கு வருவீங்க?”

“உன் கம்பெனியக் கட்டுப்படுத்துற சட்டம் முதல்ல நிறைவேறட்டும்மா.”

“அதுக்குள்ள ஓடவே ஆரம்பிச்சுடுவான்.”

உதவியாளர் தயங்கினார். “ஐயா, இதையும் எழுதணுமா?”

“ஒரு வார்த்தை விடாம எழுதுங்க.”

அவள் போனாள். உறுப்பினர், குறிப்பேடு பின்தொடராத கழிவறைக்குள் நுழைந்தார். அவருக்குப் பின்னால் கதவு மூடி, தாழ்ப்பாள் விழுந்தது.