வாய் தவறாத பெட்டி

"இன்னும் என்னம்மா யோசனை? கையெழுத்தைப் போடு!"

மேலாளர் கதவுக்கும் மேஜைக்கும் நடையாய் நடந்தார். காரின் பிரேக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி இந்தச் சோதனையில் தேறினால், துறைத் தலைவர் நாற்காலி அவருக்கு. அதைத் தரவேண்டிய முதலாளி, அவருடைய மாமனார், படியேறி வந்துகொண்டிருந்தார்.

சோதனைப் பொறியாளர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "எல்லாமே சரியா வருது சார். அதான் உறுத்துது."

"சிவப்பு வந்தா அழுகை, பச்சை வந்தா பயம்! உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

காரின் மற்ற பெட்டிகள் அந்த அறையில் இல்லை. அவற்றின் சார்பில் ஒரு கணினியே பிரேக் பெட்டியைக் கேள்வி கேட்கும், பதிலைச் சரிபார்க்கும். அந்த ஏற்பாடு மேலாளரின் சொந்த மூளையில் உதித்தது. அதை அவர் தினமும் ஒருமுறையாவது நினைவூட்டுவார்.

"என்ன மாப்ள, தேறிடுச்சா?" மாமனார் உள்ளே நுழைந்தார்.

"நீங்களே பாருங்க மாமா!" மேலாளர் பொத்தானை அழுத்தினார். கேட்ட கேள்விக்கெல்லாம் மணிமணியாய்ப் பதில் வந்தது. திரை முழுக்கப் பச்சை.

"பலே! அந்தக் கெட்டிக்காரப் பெட்டிய எனக்கும் காட்டுங்க."

மேலாளர் மார்பை நிமிர்த்திக்கொண்டு சோதனை மேடையின் மூடியைத் திறந்தார். உள்ளே வயர்கள் மட்டும் தொங்கின.

"எங்கம்மா பெட்டி?" மேலாளர் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

"சந்தேகமா இருந்துச்சு, காலையிலயே கழட்டிட்டேன் சார். மத்த பெட்டிங்களுக்குப் பேசுற கணினி, இதுக்கும் சேர்த்து அதுவே பதில் சொல்லிக்கிட்டிருக்கு."

மாமனார் நிதானமாக மூடியைச் சாத்தினார்.

"பரீட்சை எழுதினதும் நீங்க, மார்க் போட்டதும் நீங்க. அப்புறம் பாஸாகாம எப்படி மாப்ள?"