நாலு ஈர்க்கு

"உங்க வீட்டு இறா வாசம் எங்க அடுப்படி வரைக்கும் வருது, சங்கரம்மா. உன் ஓரகத்தி கையில என்னதான் வச்சிருக்காளோ" என்றாள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜன்னத்.

சங்கரம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் பொங்கிப் போடுகிறாள். ஒரு நாளாவது யாராவது சுவர் மேல் தலையை நீட்டியிருப்பார்களா?

கொழுந்தன் தளவாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் பேச்சித்தாய் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவள் அண்ணனுக்குச் செங்கோட்டை ஸ்டேஷனில் வேலை. கொல்லம் ரயிலில் நல்ல இறால் வந்தால் தென்காசிக்கு ஒரு கூடை கொடுத்துவிடுவான். அன்றைக்கு வீடே அவளைச் சுற்றித்தான் ஆடும்.

தனி அடுப்பு வைத்துவிடலாம் என்று புருஷன் சுந்தரபாண்டியிடம் சங்கரம்மாள் ஆறு மாதமாகச் சொல்லிப் பார்க்கிறாள்.

"காரணத்தைச் சொல்லுட்டி. அவ உன்னைய என்ன செஞ்சா?" என்பார் அவர்.

நன்றாகச் சமைக்கிறாள் என்றா சொல்ல முடியும்?

வெளியே சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் தென்னை ஈர்க்கில் நாலு நாலு இறாலாகக் கோத்து, மஞ்சளும் உப்பும் தடவி, கரி அடுப்பில் திருப்பித் திருப்பி வாட்டித் தட்டில் அடுக்கினாள். மேலே ஊற்ற, காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் போட்ட கெட்டித் தேங்காய்ப்பால் கொதித்துக்கொண்டிருந்தது.

"பன்னிரண்டு ஈர்க்குக்கா. ஆளுக்கு மூணு. செத்த பாத்துக்கிடுங்க, இன்னும் நாலு காந்தாரி பறிச்சிட்டு வந்திருதேன்" என்று புறவாசலுக்குப் போனாள்.

சங்கரம்மாள் ஒரு வாழையிலைக் கிழிசலில் மூன்று ஈர்க்கைச் சுருட்டி, அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள்.

தின்கிற ஆசையில் செய்யவில்லை. பேச்சித்தாய் வெறும் இலையோடு முழிப்பதை ஒரு தரம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பேச்சித்தாய் வந்தாள். தட்டைப் பார்த்தாள். "அரிசிப் பானை மூடி சரிஞ்சிருக்கு, எறும்பு ஏறிரும்" என்று அதை நேராக வைத்துவிட்டு, மிளகாயை நசுக்க உட்கார்ந்தாள்.

எண்ணிப் பார்க்கவில்லை போல என்று சங்கரம்மாள் பாலைக் கிண்டிவிட்டாள்.

முதலில் ஆண்கள் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பால் ஊத்து, தாயி" என்று சுந்தரபாண்டி இரண்டாம் தரம் கேட்டார். சங்கரம்மாள் வைத்த குழம்பை அவர் இரண்டாம் தரம் கேட்டதாக நினைவில்லை.

பிறகு பெண்கள் உட்கார்ந்தார்கள். யுத்த காலம், சீமையெண்ணெய் கிடைக்காமல் விளக்குத் திரியை இறக்கியே வைத்திருந்தார்கள். பேச்சித்தாய் சங்கரம்மாள் இலையில் மூன்றை வைத்தாள். தானும் ஓர் இலையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து, சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்தாள்.

முகம் தெரியவில்லையே என்று சங்கரம்மாளுக்குத் தவிப்பாக இருந்தது.

பேச்சித்தாய் எழுந்து கை கழுவப் போனதும் சங்கரம்மாள் எட்டிப் பார்த்தாள். இலையோரத்தில் ஈர்க்குகள் கிடந்தன. மூன்று அல்ல, நாலு!

நான் மூணை ஒளிச்சா, இவ எனக்கு முந்தி நாலை ஒளிச்சிருக்காளே. வயிறு எரிந்தாலும் கூடவே ஒரு சந்தோஷம். காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டு இலையையும் அப்படியே தூக்கிக்கொண்டு ஆண்கள் இருந்த முன்கட்டுக்குப் போனாள்.

"பங்கு வச்ச மகராசி இலையைப் பாருங்க. நமக்கெல்லாம் மூணு, அவளுக்கு நாலு. இனிமே இவகூட ஒரே அடுப்புல என்னால பொங்க முடியாது. காரணம் கேட்டீகளே, இந்தா காரணம்."

"என்னட்டி இது?" என்றான் தளவாய். கை கழுவிய ஈரத்தோடு பேச்சித்தாயும் அங்கே வந்துவிட்டாள்.

சுந்தரபாண்டி எதையும் நிதானமாகச் செய்கிறவர். மனைவி இலையிலிருந்து ஓர் ஈர்க்கை எடுத்து லாந்தர் பக்கம் நீட்டினார். நுனி கருகிக் கரியாக இருந்தது. பேச்சித்தாய் இலையிலிருந்து ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. நாலையும் பார்த்தார்.

"இது நாலும் அடுப்பையே பாக்கலியே. மேலாக்கப் பாலைத் தடவி வச்சிருக்கு. நீ தின்னலியா, தாயி?"

"எம் பங்கு கரியில விழுந்துட்டு, அத்தான்."

"மூணுமா?"

"மூணுந்தான். சொன்னா அக்கா விடமாட்டாக. அவுக இலையில இருந்து எடுத்து எனக்கு வச்சிருவாக. அதான் வெறும் ஈர்க்கை எடுத்து வச்சுக்கிட்டேன். இருட்டுல எண்ணாம நாலாப் போயிட்டு."

சங்கரம்மாள் இலை இரண்டையும் அவசரமாகச் சுருட்டினாள்.

தளவாய் எழுந்துவிட்டான். "ஒரு இறாகூடத் தின்னாதவளையா திருடிங்கீக, மைனி? தனி அடுப்புதான வேணும். இப்பமே பிரிச்சிருவோம். படியை எடுங்க, முதல்ல அரிசியை அளப்போம்."

பர்மா அரிசி வராமல் நின்று, ஊரெல்லாம் ஒரு படி அரிசிக்கு அலைந்த வருஷம் அது.

"இருலே" என்று அண்ணன் சொன்னதைக் காதில் வாங்காமல் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனான். சங்கரம்மாள் பின்னாலேயே ஓடினாள். "கொழுந்தனாரே..." என்று கூப்பிட்டாள்.

அவன் பானைக்குக் குனிவதற்குள் பேச்சித்தாய் முந்திக்கொண்டு, தான் நேராக்கி வைத்த அந்த மூடியின் மேல் கையை வைத்தாள்.

"அளக்க வேண்டாம். அரிசி பூராவும் அக்காவுக்கே இருக்கட்டும்" என்றாள்.

வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை.