மேல் வீட்டுத் தொட்டி

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

நனைந்துபோன செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு டைம்கீப்பர் படியேறினார். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை விட்டுப் போனாலும் அந்தப் பேர் மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை.

எதிரே வந்த வாட்ச்மேன் ஓரமாக ஒதுங்கினான். "என்ன சார், மறுபடியும் மழையா?"

"ஆமாப்பா. ஊருக்கெல்லாம் வெயில். என் பால்கனிக்கு மட்டும் மழை."

விஷயம் இதுதான். மேல் வீட்டுத் தையல்காரம்மா தன் பால்கனிக் கம்பிக்கு வெளியே ஒரு தொட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இவர் வாக்கிங் கிளம்பும் நேரம் பார்த்து அதில் தண்ணீர் ஊற்றுவாள். அது சொட்டுச் சொட்டாக இவர் பக்கம் இறங்கும். காற்றடித்தால் போச்சு. நாற்காலி, பேப்பர், காயப்போட்ட துண்டு, எல்லாம் குளித்துவிடும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அவர் கவலையெல்லாம் செம்பருத்திதான்.

மனைவி வைத்த செடி. பால்கனிக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டில் அதை வைத்திருந்தாள். அவரைக் கிட்டே அண்ட விட்டதில்லை. "தயவுசெஞ்சு நீங்க கை வைக்காதீங்க. நீங்க ஊத்தற ஊத்துக்கு அது நீச்சல் கத்துக்கணும்" என்பாள்.

போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் அந்தப் பேச்சை மீறவில்லை. துக்கம் விசாரிக்க வந்த தையல்காரம்மா, "அண்ணா, அக்கா செடிக்கு நான் வந்து தண்ணி ஊத்தட்டுமா?" என்று கேட்டபோதுகூட, "அவ செடியை யாரும் தொட வேண்டாம்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

யாரும் தொடாமலே அது தழைத்தது. பூத்தது. காலையில் அந்தப் பூவைப் பார்த்தால், அவள் அடுத்த அறையில் ஏதோ வேலையாக இருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் தோன்றும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

அதன் தலையில்தான் இப்போது மேல் வீட்டுத் தண்ணீர்.

கதவு திறந்தது. தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள்.

"வாங்கண்ணா. உட்காருங்க."

"உட்கார வரலை. ஏம்மா, செடி வளர்க்கறதுக்கு ஒரு முறை இல்லையா? வெயில் காலத்துல ரெண்டு வேளை ஊத்தின, சரி, அது நியாயம். இப்போ பனி விழ ஆரம்பிச்சாச்சு. மண்ணை விரலால தொட்டுப் பார்த்து, காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும். இல்லேன்னா வேர் அழுகிடும். பேப்பர்லயே போட்டிருக்கான், பாரு."

பேப்பரைப் பிரித்தார். அது இரண்டாகக் கிழிந்து கையோடு வந்தது.

"குறைச்சுக்கறேண்ணா."

"இதையேதான் போன தடவையும் சொன்ன. மழை பெய்ஞ்ச வரைக்கும் ஒழுங்கா இருந்த. மழை விட்டதும் பழைய குருடி கதவைத் திறடின்னு ஆரம்பிச்சுட்ட."

"மழையில அதுவே நனைஞ்சுடுதேண்ணா."

"என் செடியைப் பாரு. ஒரு சொட்டுத் தண்ணி காட்டினதில்லை. எப்படி நிக்குது? நீங்கல்லாம் ஊத்தி ஊத்திச் செல்லம் கொடுத்துக் கெடுக்கறீங்க."

தையல்காரம்மா உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்து ரவிக்கைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நல்லாத்தாண்ணா நிக்குது."

"நிக்குதுல்ல? உன் தண்ணி விழுந்து விழுந்து அது அழுகிப் போச்சுன்னா எனக்கு வேற என்ன..."

இருமுவதுபோல் சமாளித்துக்கொண்டார்.

"அந்தத் தொட்டியை உள்ள எடு. நீ எடுக்கறியா, நான் எடுக்கட்டுமா?"

"வேண்டாண்ணா. அது அங்கேயே இருக்கட்டும். உங்க நாற்காலி நனையாத மாதிரி தள்ளிக் கட்டிடறேன்."

"ஒரு கட்டும் வேண்டாம்."

வெட்டிப் போட்டிருந்த துணிகளைத் தாண்டிக்கொண்டு விறுவிறுவென்று பால்கனிக்குப் போனார். தொட்டியைக் கட்டியிருந்த துணி நாடாவை அவிழ்த்தார். கனமாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துத் தூக்கியவர், அது வெறுங்கூடை மாதிரி கையோடு வரவும் ஒரு அடி பின்னால் தள்ளாடினார்.

உள்ளே பார்த்தார்.

மண் இல்லை. வேர் இல்லை. கொஞ்சம் கூழாங்கற்கள், அவற்றின் மேல் கொஞ்சம் தண்ணீர். அடியில் இருந்த ஓட்டையில் தையல் கழிவுத் துணி ஒன்றைத் திரியாகத் திரித்துச் செருகியிருந்தது. திரி நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது.

தொட்டியைக் கம்பிக்கு வெளியே பழைய இடத்திலேயே பிடித்துக்கொண்டு, அடுத்த சொட்டு எங்கே விழுகிறது என்று எட்டிப் பார்த்தார். நேர் கீழே செம்பருத்தி. இரண்டு பூ விரிந்திருந்தது. சொட்டு விழுந்தது இலையில் இல்லை, பூவில் இல்லை. தண்டை ஒட்டி, மண்ணில்.

தொட்டியை இறக்கி வைக்கவும் தோன்றாமல் டைம்கீப்பர் நின்றார்.

"ஏம்மா," என்றார் கடைசியில், திரும்பாமலே. "இதுல செடி எங்கே?"

தையல்காரம்மா அவிழ்ந்து கிடந்த நாடாவைக் குனிந்து எடுத்தாள்.

"கீழே இருக்குண்ணா."