சொக்கி எடுத்துக்கொடுத்த வசனம்

சொக்கி என்ற கிளி தணிகாசலத்தின் விரலைத் தினமும் கடிக்கும். அவர் "ஐயோ அம்மா!" என்று அலறிக் கையை உதறுவார். மனைவி குமுதவல்லி அடுப்படியிலிருந்து மஞ்சளோடு ஓடி வருவாள்.

"சோறு போடுற கையை எதுக்குக் கடிக்கிற? அவ்வளவு ருசியா?" என்று அந்த வீட்டுப் பூனை கேட்டது.

"த்தூ, வெறும் சோப்பு வாடை. கடிச்சாத்தான் அந்தப் போனைக் கீழே வைக்கிறார்" என்றது சொக்கி.

மறுநாள் சொக்கி கடித்தபோது அவர் அலறவில்லை. கத்தாமல் இருந்தால் கிளி கடிப்பதை விட்டுவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சொக்கி தலையைச் சாய்த்துச் சாய்த்து அவர் வாயையே பார்த்தது. பாவம், மனிதர் வசனத்தை மறந்துவிட்டார் போலிருக்கிறது, நாமே எடுத்துக்கொடுப்போம்.

"ஐயோ அம்மா!"

அச்சு அசலாக அவர் குரல். தணிகாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். போனை ஓரமாக வைத்துவிட்டுக் கிளியின் கழுத்தைக் கோதிவிட்டார். அதோடு சொக்கி கடிப்பதை விட்டது. அப்படி ஒரு குரல் கொடுத்தால் போதும், அவர் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவார்.

கண்கொட்டாமல் பார்த்திருந்த பூனையும் வாயைத் திறந்து அலறிப் பார்த்தது. 'மியாவ்'தான் வந்தது. தணிகாசலம் போனிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. பூனை மெல்ல அவர் நாற்காலிக்கு அடியில், கால் விரல் பக்கமாகப் போனது.

"ஐயோ அம்மா!"

அடுப்படியிலிருந்து குமுதவல்லி சிரித்தாள். "கிளி கூப்பிடுதுங்க, போய்ப் பாருங்க!"