ஞாயிறு லீவு

ஞாயிறு லீவு என்று வீட்டில் காலை நீட்டிக்கொண்டிருக்கும் அந்த லைசென்ஸ் அதிகாரிதான் தன் பிழைப்பைக் கெடுத்தான் என்று மேசை பொருமியது.

மளிகைக் கடையின் பின்னறையில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்க வாங்கிப் போட்ட மேசை அது. டாக்டருக்கு ஞாயிறு மட்டும்தான் ஒழியும். அவர் இருக்கும்போது அதிகாரி வந்து பார்த்தால்தான் லைசென்ஸ். அதிகாரிக்கோ ஞாயிறு லீவு.

ஆறு மாதமாக மேசைமேல் சோப்புப் பெட்டிகள்தான். ஒரு பூனைக்குட்டிகூட அதில் ஏறியதில்லை.

இந்த ஞாயிறும் செவலை நாய் நொண்டிக்கொண்டே பின்வாசலுக்கு வந்தது.

"அண்ணே, இன்னைக்காவது உண்டா?"

"சோப்பு இருக்கு, வேணுமா?"

"வீக்கம் தொடைக்கு ஏறிடுச்சுண்ணே. அடுத்த வாரம் இவ்வளவு தூரம் நடக்க முடியாது."

மேசையிடம் வந்து பேசுகிற உயிர் இது ஒன்றுதான். அதுவும் மெல்லத் திரும்பி நடந்தது.

யாருமில்லாத அறையில் மேசை அந்த அதிகாரியிடம் பேரம் பேச ஆரம்பித்தது.

"யோவ், முழு நாள் கேக்கல. அரை நாள் வா. சரி, கால் மணி நேரம். சாப்பிட்ட கையைத் துடைச்சுட்டு வந்து ஒரு கையெழுத்துப் போடு. செவலை தெருமுனை தாண்டறதுக்குள்ள வாய்யா."