பழைய கர்னல்

துணி வெட்டும் இயந்திரம் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் அதன் கத்தியில் விழுந்து பொறியாளரின் கண்ணைக் குத்துகிறது. சுற்றிலும் வேலை நின்றுபோன எட்டுப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்க்கிறார்கள். புதுக் கேமராவுக்காக இயந்திரத்தின் கணினியில் லினக்ஸ் கர்னல் என்ற அடிப்படை மென்பொருளின் புதிய பதிப்பைக் காலையில் ஏற்றியவள் அவள்தான். கத்தியை ஓட்டும் டிரைவர் மென்பொருளோ பழைய கர்னலுக்கென்று எழுதப்பட்டது. புதியதோடு ஒட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அதன் விவரத்தைத் திறந்தால், எழுதியவர் பெயர் பல்லிளிக்கிறது. போன மாதம் வேலையைவிட்டு அனுப்பப்பட்ட மூத்த பொறியாளர். “அவர் இல்லாமலே சமாளிச்சிடலாம் சார்” என்று மேலாளரிடம் சொன்னதும் அவள்தான். கைகள் விசைப்பலகையில் இருப்பதால், போனை ஸ்பீக்கரில் போட்டு அவரையே கூப்பிடுகிறாள்.

“அண்ணே, டிரைவர் ஏறவே மாட்டேங்குது.”

“பதறாதம்மா. பழைய கர்னல் அப்படியே இருக்கும்ல? அதுல பூட் பண்ணு, ஓடும்.”

“டிஸ்க்ல இடமில்லைன்னு காலையிலயே அதை அழிச்சிட்டேன்ணே.”

“இடமில்லைன்னு சொல்லித்தாம்மா என்னையும் அனுப்பினாங்க” என்கிறார்.

கோபமே இல்லாத அந்தக் குரலை எட்டுப் பெண்களும் கேட்கிறார்கள்.