மண் ரொட்டி

இரோஷனி தேங்காயை உடைத்து ஒரு பாதியைத் துருவ எடுத்துக்கொண்டாள். மறுபாதி நாளைக்கு. அதை எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே கவிழ்த்து, அலமாரியின் மேல் தட்டில் தள்ளி வைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, பலா மரத்தடியில், பிள்ளைகள் இரண்டு பேரும் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டில் ஏழு வயது செனுதிதான் அம்மா. தம்பி தெவ்மித்துக்கு ஐந்து வயது. அப்பாவின் பழைய துவாயைத் தோளில் போட்டதும் அவன் அப்பாவாகிவிட்டான்.

இரண்டு சிரட்டை, இரண்டு கை மண், கொஞ்சம் தண்ணீர். செலவில்லாத சமையல். தனக்கும் இப்படி ஓர் அடுப்பு வாய்த்திருக்கக் கூடாதா என்று நினைத்து இரோஷனி சிரித்துக்கொண்டாள்.

மர ஆலையில் அவள் கணவன் லலந்தவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றாகி எட்டு மாதம். அன்றிலிருந்து இரவுக்கு ஏழே ரொட்டி. பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு, அவனுக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. தேநீரில் சீனி போடுவதை நிறுத்தியாகிவிட்டது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கிக்கொண்டே குடித்தால் ஒரு மாதச் சீனி இரண்டு மாதம் வரும்.

அப்படியும் லலந்த தன் ரொட்டியைப் பிட்டுப் பிள்ளைகளின் தட்டில் வைத்துவிடுவான்.

"எனக்குப் பசியில்ல. புள்ளைங்க சாப்பிடட்டும்."

அதைக் கேட்டதும் இரோஷனிக்கு மனசு இளகிவிடும். தன் ஒற்றை ரொட்டியை அவன் தட்டில் வைப்பாள். இரண்டு தரம் வேண்டாம் என்பான். மூன்றாம் தரம் சாப்பிடுவான். அவள் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பாள். எப்பேர்ப்பட்ட மனுஷன் கிடைத்திருக்கிறான் என்ற நினைப்பிலேயே தூக்கம் வந்துவிடும்.

"நாங்க வாவியில குளிச்சிட்டு வாறோம்," என்று குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு தெவ்மித் கிளம்பினான்.

"சவர்க்காரத்தத் தண்ணியில கரைய விட்டுட்டு வந்து நிக்காதீங்க!" என்றாள் செனுதி.

அச்சு அசல் இரோஷனியின் குரல். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

தம்பி போனதும் செனுதி இரண்டு பக்கமும் பார்த்தாள். சிரட்டையைத் திறந்தாள். மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, கன்னம் உப்ப உப்ப அள்ளித் தின்பது போல் செய்தாள். பாவாடை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல மறுபடி ரொட்டி தட்ட உட்கார்ந்தாள்.

இந்தக் கள்ளி இதை எங்கே பார்த்துப் பழகினாள்? அடுத்த வீட்டுக்காரியாகத்தான் இருக்கும் என்று இரோஷனி நினைத்தாள்.

குளிக்கப் போன தெவ்மித் வாவிக்குப் போகவில்லை. கொய்யா மரத்தடியில் நின்றான்.

"மூணு மீன் பணிஸ். ஒண்ண மகளுக்குக் கட்டிக் குடுங்க," என்று மரத்திடம் சொன்னான். ஒரு இலையைக் கடித்து மென்றான். பிறகு குனிந்து, பக்கத்தில் இல்லாத ஒரு பையனை விரல் நீட்டி மிரட்டினான். "வாயக் கொப்பளிடா. அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது."

மூன்று தரம் கொப்பளித்துத் துப்பினான். கிணற்றடி வாளிக்குப் போய் ஒரு கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டான். திரும்பி வந்து, முதுகுக்குப் பின்னால் ஒரு இலைச்சுருளை அக்காவிடம் நீட்டினான். அவள் இப்போது மகளாகி, அதைப் பார்க்காமலே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வாங்கிப் பழகிய கை.

அவள் மறுபடி அம்மாவாகி மண் ரொட்டி பரிமாறியதும் அவன் பெருமூச்சு விட்டான்.

"எனக்குப் பசியில்ல. புள்ளைங்க சாப்பிடட்டும்."

அதே இழுவை. அதே முகம்.

இரோஷனியின் கை துருவலுக்குள் அப்படியே நின்றுவிட்டது. கடையில் மீன் அடைத்து விற்கும் பணிஸ் ஒன்றின் விலைக்கு அரைத் தேங்காய் வரும். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே போனது. எத்தனை தேங்காய், எத்தனை ரொட்டி, எத்தனை செம்புத் தண்ணீர். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே! வளர்த்த பிள்ளைகளும் அவனோடு கூட்டு.

வெளியே வந்தாள். தெவ்மித் துவாயைத் தோளிலிருந்து இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

பணிஸைப் பற்றிக் கேட்டால் அழுதுவிடுவாள். அதனால், மரத்தின் பக்கம் திரும்பி ஒளித்துத் தின்று காட்டினாளே, அதை மகளிடம் கேட்டாள்.

"அம்மா ஒளிச்சுச் சாப்பிட்டத நீ எப்ப புள்ள பாத்த?"

செனுதி தலை குனிந்துகொண்டாள்.

"பாக்கல. எனக்குப் பணிஸ் வேணாம், அம்மாவுக்கு வைப்போம்னு நான்தான் சொன்னேன். அதுக்கு அப்பா சொன்னாரு... நாங்க ஸ்கூலுக்குப் போனதும் அம்மா நல்லதெல்லாம் தனியா சாப்பிட்டுருவாங்களாம். வயிறு நெறஞ்சு இருக்கிறதாலதான் ராத்திரி ரொட்டிய அவருக்குத் தள்ளி விடுறாங்களாம்."

இரோஷனிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ஒரு வெறுந்தேநீர்தான்.

உள்ளே போனாள். மேல் தட்டிலிருந்த நாளைய தேங்காயை எடுத்தாள். வாசற்படியில் வந்து உட்கார்ந்து, சிரட்டையோடு வாயில் வைத்துப் பல்லால் சுரண்டித் தின்றாள். பால் மோவாயில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

தெவ்மித் அக்காவின் கையைச் சுரண்டினான்.

"பாத்தியாக்கா? அப்பா சொன்னது நெசந்தான்."